'டோட்' என்னும் சொல்லின் பிறப்பு

சுமத்தல் என்னும் பொருளில் அமெரிக்க ஆங்கிலத்தில், சிறப்பாகத் தென் மாநிலங்களில், வழங்கும் 'டோட்' என்னும் வினைச்சொல்லின் பிறப்பை ஈண்டு ஆராய்வாம். தோளில் மாட்டும் 'டோட் பை'யால் அஃது இன்று பிறநாட்டார்க்கும் அறிமுகமாயிற்று. குதிரைப் பந்தயத்து 'டோட்' கணக்கிடு பொறியின் பெயர்க்குறுக்கம். அது வேறு சொல்.

நாம் கருதும் சொல் 1677-இல் வர்ஜீனியாக் குடியேற்றத்திலேயே முதற்கண் எழுத்திற் காணப்படுகிறது. இங்கிலாந்து வழக்கில் இதற்கு உறுதியான மூலம் காட்டப்பெற்றிலது. தென் கரோலினா, ஜார்ஜியாக் கரையோரத்துக் கறுப்பின மக்கள் பேசும் குல்லா மொழியை ஆராய்ந்த லொரென்சோ டவ் டர்னர், 1949-இல் வெளியிட்ட தம் நூலில், எடுத்தற்பொருள் தரும் கொங்கோச் சொல்லாகிய 'தோத்தா'வோடும், சுமத்தற்பொருள் தரும் உம்புண்டுச் சொல்லாகிய 'தூத்தா'வோடும் இதனை ஒப்பிட்டார்.

1677-இல் வர்ஜீனியாவில் ஆப்பிரிக்கர் சிலரே. ஆதலின் அவர்தம் சொல் ஆங்கிலேயர் நாவிற் படிந்திராது என்பாரும் உளர். இத்தடை வலிதன்று. 1619-இல் அங்குக் கொணரப்பட்ட முதல் ஆப்பிரிக்கர், இருபதின்மர்க்குச் சற்று மிக்கோர், அங்கோலாவிலிருந்து கப்பலேற்றப்பட்டோரே. மேற்கூறிய மொழிகளும் அப்பகுதியினவே. எண்ணிற் சிலராயினும் சுமை சுமந்தோர் அவரல்லரோ?

ஒலியொப்புமை ஒன்றே சான்றாகாதென்பது உண்மை. சியரா லியோனின் கிரியோ மொழியிலும் இச்சொல் இதே பொருளில் உண்டு; அஃது ஆங்கிலத்தின் வழிச் சென்றிருத்தல் கூடுமாதலின், அதனை நாம் சான்றாகக் கொண்டிலேம். ஒலியும் பொருளும் வரலாறும் ஒருங்கே பொருந்துமிடத்து, 'மூலம் அறியப்படாதது' என அகராதியார் எழுதியமைதல் சாலாது. 'ஆப்பிரிக்க மூலம் ஆகலாம்' எனக் குறித்தலே தகும்.