இருளைத் தேடிப் போனவர்கள்

வானத்தில் உள்ளவற்றையெல்லாம் கண்ணால் கண்டுவிடலாம் என்று மனிதன் நெடுங்காலம் நம்பியிருந்தான். கண் போதாத இடத்துக்குத் தொலைகாட்டி வந்தது. தொலைகாட்டியும் போதாத இடத்துக்கு ஒரு கண்ணாடித் தகடு வந்தது. அந்தத் தகட்டின் வரலாற்றையே இன்று நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். தமிழாசிரியனுக்கு வானியலில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கார்த்திகையும் திருவாதிரையும் பஞ்சாங்கத்தில் மட்டும் இருப்பவை அல்ல. மார்கழி இரவில் முற்றத்தில் நின்று அண்ணாந்தால் தெரிபவை. ஆதலால் எனக்கும் இதில் சிறிது உரிமை உண்டு.

சிவந்து ஒளிரும் திருவாதிரைக்கு அருகே மூன்று உடுக்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றையொட்டி மங்கலாக ஒரு புகைப்பொட்டுத் தெரியும். அதுவே ஓரையன் நெபுலா. நெபுலா என்பது வான்முகில். வாயுவும் தூசியும் திரண்டது. இந்த முகிலுக்குள் புதிய உடுக்கள் பிறந்துகொண்டிருக்கின்றன.

நமது கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. இருளுக்குப் பழகிய பின்னர் எத்தனை நாழிகை உற்றுப் பார்த்தாலும் முதலில் தெரிந்த அளவே தெரியும். ஒளிப்படத் தகடோ சிறுகச் சிறுகச் சேர்த்துவைக்கும் சிக்கனக்காரன். ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் ஒரு மணி நேரத்து ஒளியும் அதில் படிந்துவிடும்.

இதனை முதலில் வான்முகில் ஒன்றின்மீது சோதித்து வென்றவர் அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர். மருத்துவம் படித்தவர். 1880ஆம் ஆண்டு செப்டெம்பர் 30ஆம் திகதி இரவு, தமது சொந்த வானாய்வுக் கூடத்திலிருந்து ஓரையன் முகிலை ஏறத்தாழ 51 நிமிடங்கள் தகட்டில் பதித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, லண்டனை அடுத்த ஈலிங்கில் ஆன்ட்ரூ கொமன் என்பவர் அதே முகிலைப் படம் பிடித்தார். இவர் நகரச் சுகாதார வேலைகளைக் கவனித்த பொறியியலாளர். அவருடைய தகட்டில், தொலைகாட்டி வழியாகவும் மனிதக் கண்ணுக்குப் புலப்படாத உடுக்கள் பதிந்திருந்தன. வானியலைத் தொழிலாகக் கொள்ளாத இரு ஆர்வலர்கள், தமது வீட்டு வளவில் நின்று திறந்த கதவு இது.

இந்த வரிசையில் என் மனத்தை மிகவும் கவர்ந்தவர் எட்வர்ட் எமர்சன் பார்னார்ட். 1857இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், தந்தையை இழந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் போனது இரண்டு மாதங்கள் அளவில்தான். ஒன்பது வயதில் ஒரு புகைப்பட நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே, சூரிய ஒளியைக் கொண்டு படங்களைப் பெரிதாக்கும் பாரிய கருவி ஒன்று கூரைமீது இருந்தது. சூரியன் நகர நகர அக்கருவியை அதன் பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருப்பது சிறுவனின் வேலை. வெயிலில் நின்று, ஒரு கணமும் கவனம் பிசகாமல் செய்யவேண்டிய வேலை அது.

வான்முகிலைப் படம் பிடிப்பவனுக்கு வேண்டிய முதற் பயிற்சியும் அதுவேதான். வானம் சுழல்வதுபோல் நமக்குத் தோன்றும் வேகத்தில், ஓர் உடு ஒரு நிமிடத்தில் முழுநிலாவின் பாதி அகலத்துக்கு நகர்ந்துவிடும். கமராவும் கூடவே நகராவிட்டால் முகிலுக்குப் பதிலாகக் கோடுகளே கிடைக்கும். பார்னார்ட் 1889இல் லிக் வானாய்வு நிலையத்தில், முகங்களைப் படம் பிடிக்கும் பழைய வில்லை ஒன்றைப் பொருத்திப் பால்வீதியைப் பதிக்கத் தொடங்கினார். வழிகாட்டும் உடு ஒன்றிலிருந்து கண்ணை எடுக்காமல் மணிக்கணக்காகக் குளிரில் அமர்ந்திருந்தார்.

1905ஆம் ஆண்டில், தாம் பணிபுரிந்த யேர்க்ஸ் நிலையத்திலிருந்து 10 அங்குல வில்லைகொண்ட ஒளிப்படக் கருவியைக் கலிபோர்னியாவின் வில்சன் மலைக்குக் கொண்டு சென்றார். பால்வீதியின் தென்பகுதி அங்கிருந்து நன்கு தெரியும், வானமும் தெளிவு. அக்காலத்தில் அம்மலைக்குச் சாமான்கள் கோவேறு கழுதைகளின் முதுகிலேயே ஏறின. ஜனவரி முதல் செப்டெம்பர் வரை அங்கே தங்கி நூற்றுக்கணக்கான தகடுகளைப் பதித்தார். பால்வீதியின் நடுவே காணப்பட்ட கரிய பகுதிகளை வெறும் ஓட்டைகள் என்றே பலர் எண்ணியிருந்தனர். அவை பின்னால் உள்ள உடுக்களை மறைக்கும் கருமுகில்கள் என்ற முடிவுக்குத் தமது படங்களைப் பார்த்துப் பார்த்தே பார்னார்ட் வந்தார். 1919இல் அத்தகைய 182 கரும்பகுதிகளுக்குப் பட்டியல் வெளியிட்டார். 1923இல் அவர் மறைந்தார். அவரது பால்வீதிப் படத்தொகுதி 1927இல் வெளிவந்தது. அதற்காக அச்சிட்ட 35,700 படங்களையும் ஒவ்வொன்றாகத் தாமே பரிசோதித்திருந்தார் அவர்.

பார்னார்ட் ஏறிய அந்த மலையின் அடியில் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் இருந்தது. 1900இல் அதன் சனத்தொகை ஏறத்தாழ ஓர் இலட்சம். நகரம் வளர்ந்தது; விளக்குகள் பெருகின; மலைக்கு மேலிருந்த வானம் வெளிறத் தொடங்கியது. பின்னர் 200 அங்குலப் பெருந்தொலைகாட்டிக்கு இடம் தேடியபோது, அதை வில்சன் மலையில் வைக்காமல் தொலைவிலுள்ள பலோமர் மலைக்குக் கொண்டு சென்றனர். இருளைத் தேடி வந்தவர்கள் அதைத் தேடி மீண்டும் புறப்பட வேண்டியதாயிற்று.

இவ்விடத்தில் எங்கள் ஊரை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. 1990இன் நடுப்பகுதி முதல் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ரோச்சுக்குப் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளைகள் நாங்கள். விளக்கை ஊதி அணைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தால் பால்வீதி வடலிகளுக்கு மேலே வழிந்து கிடக்கும். உலகின் பணக்கார நகரங்களில் வாழ்ந்த சிறுவர்களுக்குக் கிடைக்காத வானம் அது. ஆனால் எங்களிடம் கமரா இல்லை. வானத்தை நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் விமானத்தையும் தேடவேண்டியிருந்தது. பார்னார்ட் இருளை விரும்பிப் போனார். எங்கள்மீது அது சுமத்தப்பட்டது. அந்த இருள் திரும்பி வரவேண்டும் என்று எவரும் விரும்பார், நானும் விரும்பேன்.

இன்று கருவிகள் எளிதாகிவிட்டன. கண்ணாடித் தகட்டின் இடத்தில் மின்னணு உணரி இருக்கிறது. வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் சிறு தாங்கி, தோட்பையில் அடங்கிவிடும். 2004இல் அமெரிக்க ஆர்வலரான ஜே மக்நீல், 3 அங்குலத் தொலைகாட்டியால் தமது வீட்டிலிருந்து எடுத்த படத்தில், அதுவரை எவரும் குறித்துவைத்திராத வான்முகில் ஒன்றைக் கண்டார். அது இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

எங்கள் மாணவர் சிலரும் கமராவைச் சுமந்துகொண்டு பயணம் போகிறார்கள். நெடுந்தீவுக்குப் படகேறுகிறார்கள், வன்னியில் குளக்கட்டுகளில் விடியும்வரை விழித்திருக்கிறார்கள். அவர்கள் காட்டும் படங்களில் ஓரையன் முகில் செம்மை படர்ந்து கிடக்கிறது. சித்திரை இரவுகளில், வட நாட்டவர் பலர் காணவே முடியாத கரீனா முகிலும் நமது தென்வானில் எழுகிறது. நமது நாட்டின் இருப்பிடம் நமக்குத் தந்த வரம் அது.

தெருவிளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருளின் அச்சத்தை அறிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். விளக்குக்கு மேலே ஒரு மூடி இட்டு, ஒளியை நிலத்தை நோக்கிக் கவிழ்த்துவிட்டால் வழியும் தெரியும், வானமும் தெரியும். பிரதேச சபைகளுக்கு இது பெருஞ்செலவு அல்ல. தீவுகளில் ஒரு கடற்கரையையேனும், வன்னியில் ஒரு குளக்கரையையேனும் விளக்கில்லாமல் விட்டுவைப்போம். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று அங்கே அச்சமின்றி நின்று அண்ணாந்து பார்க்கட்டும்.