கிளாண்டு சொட்டலாம், பேரல் சொட்டக் கூடாது

எது ஒழுகினாலும் கோயம்புத்தூர்க்காரர் கை முதலில் ஸ்பேனரைத்தான் தேடும். பம்பு செய்தே வளர்ந்த ஊர் இது. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு, மாடு கட்டிக் கவலை இறைத்த கிணற்று மேடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக மோட்டார்கள் வந்தன. பம்பு ஷாஃப்டைச் சுற்றிய கிளாண்டில் தண்ணீர் கசிந்தால் நட்டை அரைச் சுற்று திருகுவதும் கூடவே வந்தது. தோட்டத்து வீடுகளில் பத்து வயதுப் பையனுக்கும் அது தெரியும்.

அதே கை இப்போது கல் உருட்டும் எந்திரத்தின் மேலும் விழுகிறது. கூழாங்கல்லையும் படிகக்கல்லையும் வீட்டிலேயே மெருகேற்றும் பொழுதுபோக்குக்கான சின்ன எந்திரம் அது. இரண்டு உருளைகளின் மேல் ஒரு ரப்பர் பேரல் கிடந்து நாள் முழுக்கச் சுற்றும். உள்ளே கல், தண்ணீர், சிலிக்கான் கார்பைடு பொடி. வாங்கிய சில வாரத்தில் மூடியோரம் கருஞ்சேறு கசிகிறது என்ற புலம்பல் வரும். உடனே நட்டை முறுக்குகிறார்கள், ஒழுக்கு இன்னும் கூடுகிறது. பம்பின் ஒழுக்கையும் பேரலின் ஒழுக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது ஏன் என்று விளங்கும். ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதைக் கெடுக்கும் என்பதே நான் சொல்ல வருவது.

இந்தப் பொழுதுபோக்கு கொங்கு நாட்டுக்கு ஒன்றும் அந்நியமல்ல. கரூரிலிருந்து காங்கேயம் வரை நீளும் நிலப்பகுதி நாடறிந்த கல்வளம் உள்ளது. படிகம், செவ்வந்திக்கல், சந்திரகாந்தக்கல், அக்வாமரின் எல்லாம் இங்கே கிடைப்பவை. காங்கேயத்துக்கு அருகில் படியூரில் 1819-20-இல் ஹீத் என்ற ஆங்கிலேயர் அக்வாமரின் தோண்டி எடுத்தது பதிவில் உள்ளது. அதற்கு இரண்டாயிரம் ஆண்டுகள் முன்பே நொய்யல் கரைக் கொடுமணலில் மணிகளைத் தீட்டித் துளையிட்டார்கள். 1985 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளில் வேலை முடியாத மணிகளும் மூலக்கற்களும் கிடைத்தன. காங்கேயத்தில் கல் அறுத்துப் பட்டை தீட்டும் தொழில் இன்றும் இருக்கிறது. அந்த மண்ணில் பொறுக்கிய ஒரு கல்லைத் தன் வீட்டுத் திண்ணையில் மெருகேற்றிப் பார்க்க ஒருவர் ஆசைப்பட்டால் அது மிக நல்ல ஆசை. மூடி ஒழுகுகிறது என்பதற்காக அது பரணில் ஏறிவிடக் கூடாது.

முதலில் பம்பு. உள்ளே தண்ணீர், வெளியே மோட்டார். இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட் பம்பின் உடலைத் துளைத்துக்கொண்டு போயாக வேண்டும். நிற்கும் உடலுக்கும் சுழலும் ஷாஃப்டுக்கும் இடையே இடைவெளி இல்லாமல் முடியாது. அந்த இடைவெளியில்தான் கிரீஸும் கிராஃபைட்டும் ஏற்றிய கயிற்றை நாலைந்து வளையமாக வெட்டிப் போட்டு, மேலே கிளாண்டை வைத்து நட்டால் அழுத்துகிறோம். வளையத்தின் வெட்டுவாய் சாய்வாக இருக்க வேண்டும், ஒரு வளையத்தின் வெட்டுவாய் அடுத்ததன் வெட்டுவாய்க்கு நேராக வரக் கூடாது, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருக வேண்டும். நல்ல மெக்கானிக் இத்தனையும் செய்துவிட்டு, கடைசியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும்படி விட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். அந்தச் சொட்டுத்தான் கயிற்றைக் குளிர வைக்கிறது, ஷாஃப்டுக்கு எண்ணெய் போல வழுவழுப்புத் தருகிறது. ஒரு சொட்டும் வரக்கூடாது என்று இறுக்கினால் கயிறு கருகும், ஷாஃப்டில் வரிவரியாகத் தேய்மானம் விழும், பிறகு எத்தனை கயிறு போட்டாலும் நிற்காது. ஆக, பம்பில் ஒழுக்கு என்பது அளவு பார்க்க வேண்டிய ஒன்று. அளவுக்கு மிஞ்சினால் ஸ்பேனருக்கு அங்கே வேலை உண்டு.

பேரலின் கதை வேறு. அதை எந்த ஷாஃப்டும் துளைத்துப் போவதில்லை. பேரல், மூடி, கல், தண்ணீர் எல்லாம் ஒன்றாகவே உருள்கின்றன. மூடிக்கும் பேரல் வாய்க்கும் நடுவே அசைவு என்பதே கிடையாது. அசைவில்லாத இடத்தில் உராய்வில்லை, உராய்வில்லாத இடத்துக்குச் சொட்டுத் தண்ணீர் தேவையில்லை. எனவே பேரலில் ஒரு துளி கசிந்தாலும் அது கோளாறுதான். அந்தக் கோளாறு தேய்மானத்தால் வந்திருப்பது அபூர்வம். அழுக்கு, கோணல், வாயு, கிழிசல் என்ற நான்கில் ஒன்றுதான் அநேகமாகக் காரணமாக இருக்கும்.

அழுக்குதான் பெரிய குற்றவாளி. பேரல் வாயின் உட்புறம் மூடி உட்காரும் தடத்தில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தால் போதும், ரப்பர் அங்கே தூக்கி நிற்கும். தண்ணீர் அந்த வழியைக் கண்டுபிடிக்கும். தண்ணீரோடு பொடியும் வந்து தடத்தில் தங்கும், வழி அகலமாகும். இந்த நிலையில் நட்டை முறுக்குவது துகளை ரப்பருக்குள் புதைப்பதாகும். செய்ய வேண்டியது வேறு: பொடியைக் கரண்டியால் வாயோரம் சிந்தாமல் காகிதப் புனல் வைத்து உள்ளே இறக்குங்கள். கல் முக்கால் பங்குக்கு மேல் போக வேண்டாம், தண்ணீர் மேற்கல்லைத் தொட்டால் போதும். ஈரத்துணியால் பேரல் வாயையும் மூடியின் விளிம்பையும் விரல் வைத்துச் சுற்றித் துடைத்துவிட்டு மூடுங்கள். விளிம்பில் கண்ணுக்குத் தெரியாததும் விரலுக்குத் தெரியும். வேண்டுமானால் சிலிக்கோன் கிரீஸ் மெல்லிசாகப் பூசலாம். பம்புக்கு வாங்கி வைத்த மஞ்சள் கிரீஸும் வாசலினும் வேண்டாம். பெட்ரோலியத்தில் வருபவை இயற்கை ரப்பரை ஊதவைத்து நைந்துபோகச் செய்யும்.

கோணல் பெரும்பாலும் நாமே உண்டாக்குவது. ரப்பர் உள்மூடியின் நடுவில் ஒரு ஸ்டட் நிற்கும், அதன் மேல் உலோக வெளிமூடி, அதன் மேல் கையால் திருகும் நட்டு. அந்த நட்டு விரலிறுக்கத்துக்காகவே செய்யப்பட்டது. கட்டிங் பிளேயர் போட்டு முறுக்கினால் உள்மூடியின் நடுப்பகுதி மேலே இழுபடும், ஓரம் தடத்தைவிட்டு விலகும். அதனால்தான் முறுக்க முறுக்க ஒழுக்கு கூடுகிறது. கசிவு ஓரத்தில் இல்லாமல் ஸ்டட்டைச் சுற்றி வந்தால் அங்கிருக்கும் சின்ன ரப்பர் வளையத்தை மாற்றினால் தீர்ந்தது. பம்பு ஸ்பேர் கடைகளில் அந்த அளவு ஓ-ரிங் கேட்டுப் பாருங்கள்.

வாயுவைப் பலர் நினைப்பதே இல்லை. சில கற்களும் பொடியும் தண்ணீரில் அரைபடும்போது வாயு உண்டாகும், பேரலும் சூடேறும். மூடி உப்பி நின்றால் அதுதான் சங்கதி. கரடுமுரடுப் பொடி ஓடும் முதல் சில நாட்களுக்குத் தினம் ஒரு தடவை மூடியைத் திறந்து மூடுங்கள். அப்படி மூடும்போதும் விளிம்பைத் துடைக்க மறக்க வேண்டாம்.

எது காரணம் என்று தெரியாவிட்டால் பொடியும் கல்லும் இல்லாமல் வெறும் தண்ணீர் ஊற்றி மூடி, வெளிப்புறத்தை நன்றாக உலர்த்தி, பழைய செய்தித்தாளின் மேல் பேரலைப் படுக்க வைத்து இரவு முழுக்க விடுங்கள். காலையில் ஈரம் எங்கே பட்டிருக்கிறது என்று காகிதம் காட்டிக்கொடுக்கும். மூடிப்பக்கம் ஈரமில்லாமல் நடுவில் ஈரமிருந்தால் பேரல் கிழிந்திருக்கிறது. கூர்முனைப் படிகங்களைப் பாதி பேரல் மட்டும் நிரப்பி ஓட்டினால் இப்படி ஆகும். சைக்கிள் டியூபுக்குப் பங்க்சர் ஒட்டுகிற மாதிரி, உட்புறத்தை உரசிச் சொல்யூஷன் தடவி ஒட்டலாம். வெளியே ஒட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் உருளையில் தட்டும். மூடியின் விளிம்பே வெடித்துவிட்டால் எந்தப் பசையும் நிற்காது, புது மூடிதான்.

பிவிசி குழாயை வெட்டி வீட்டிலேயே பேரல் செய்கிறவர்கள் மூடியின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றுகிறார்கள். பம்பு லைனில் அது சரி. தினம் திறந்து மூடும் பேரலில் டேப்பின் மடிப்புகளில் பொடி புகுந்து மரையைத் தின்றுவிடும். லாரி டியூபில் வட்டமாக ஒரு வாஷர் வெட்டி மூடிக்குள் போடுவது அதைவிட எவ்வளவோ மேல்.

இந்த வேறுபாடு நம் சமையலறையிலேயே இருக்கிறது. மிக்ஸி ஜாரின் அடியில் ஷாஃப்ட் துளைத்துப் போகிறது, புஷ் தேய்ந்ததும் ஒழுகுகிறது. 1955-இல் கோவை சபாபதி உருவாக்கிய வெட் கிரைண்டரின் வழிவந்த இன்றைய டேபிள் டாப் கிரைண்டரில் பாத்திரமே சுற்றுகிறது, மாவுக்கும் ஷாஃப்டுக்கும் தொடர்பில்லை, அதனால் அடியில் ஒழுக வழியுமில்லை. ஜார் பம்பின் இனம், கிரைண்டர் பேரலின் இனம். ஆழ்துளைக் கிணற்று நீர்மூழ்கி மோட்டார் மூன்றாவது வழியில் போனது. உள்ளே தண்ணீரை நிரப்பிக்கொண்டே ஓடும்படி அதைச் செய்துவிட்டார்கள்.

பம்பையும் பேரலையும் சேர்த்துப் பார்ப்பதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் சிலிக்கான் கார்பைடு. கல்லைத் தேய்த்து உருட்டும் அதே பொருள், கிளாண்டுக்குப் பதிலாக வந்த மெக்கானிக்கல் சீல்கள் பலவற்றில் கண்ணாடி போல இழைத்த முகமாக உட்கார்ந்து தண்ணீரைத் தடுக்கிறது. கெட்டித்தன்மை ஒன்றுதான். பொடியாக மூடியோரம் வந்தால் ஒழுக்கு, தகடாக ஷாஃப்டில் வந்தால் அடைப்பு.

சேதத்திலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம். கிளாண்டில் சொட்டுவது வெறும் தண்ணீர், வாய்க்காலுக்குப் போகும். பேரலில் சொட்டுவது அரைக்கும் சேறு. உருளையில் பட்டால் பேரல் வழுக்கி நின்றுவிடும், பெல்ட் நனையும், புஷ்ஷில் புகுந்தால் எந்திரத்தையே அரைக்கும். கசிந்ததைக் கண்டவுடன் நிறுத்தி உருளை, பெல்ட், புஷ் எல்லாவற்றையும் துடைத்த பிறகே மறுபடி ஓட்டுங்கள். சேற்றைச் சிங்க்கிலும் ஊற்றாதீர்கள், குழாய்க்குள் சிமெண்டு போல இறுகும். பக்கெட்டில் தெளியவிட்டு வண்டலைக் குப்பையில் போடுங்கள்.

என் தீர்ப்பு இதுதான்: பழுது பார்க்கக் கடினமானது பம்பு, பேரலல்ல. கிளாண்டுக்கு அனுபவக் கை வேண்டும். பேரலுக்குச் சுத்தமான விளிம்பும் நல்ல மூடியும் போதும். அந்த மூடிதான் நம் ஊரில் கிடைப்பதில்லை. இந்த எந்திரங்கள் பெரும்பாலும் இறக்குமதி, ஒரு மூடி கிழிந்தால் சில சமயம் முழுப் பேரலையும் வரவழைக்க வேண்டியிருக்கிறது. பம்புக்கும் கிரைண்டருக்கும் வாஷரும் புஷ்ஷும் வார்க்கிற ரப்பர் பட்டறைகள் நிறைந்த கோவையில் இது அச்சு வெட்டும் வேலைதான். யாராவது ஒரு பட்டறைக்காரர் அந்த உள்மூடியை வார்த்துக் கடைக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.