முன்பணம் போன பாதை

சேலம், நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை, நூற்பாலை, வெல்ல ஆலை, கட்டட வேலை என்று எங்கே பார்த்தாலும் இன்று பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த ஆட்கள் நிற்கிறார்கள். ‘வடக்கத்தியான் வந்து கூலியைக் கெடுத்துட்டான்’ என்ற பேச்சும் கூடவே வந்துவிட்டது. அதை வெறும் வெறுப்பு என்று ஒதுக்கிவிடலாம், ஆனால் அது நியாயமாகாது. வெளியாள் வரத்தால் கூலி ஏறாமல் நிற்கும் இடங்கள் இருக்கத்தான் செய்கின்றன. கெடுத்தது யார் என்பதில்தான் எனக்கு மாறுபாடு. இதே மண்ணிலிருந்து கடல் கடந்து போனவர்கள் மேலும் ஒரு காலத்தில் இதே பழி விழுந்தது. அந்தக் கதையைக் கூர்ந்து பார்த்தால், கூலியை அமுக்கும் வேலையை ஆளை அழைத்துவரும் முறையே செய்கிறது என்பது தெரியும். வந்தவனின் ஊரும் மொழியும் அதில் சாக்கு மட்டுமே.

1871-இல் சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். பத்தாண்டு கழித்து எண்ணியபோது 16 லட்சம்தான் தேறியது. இடையில் வந்தது 1876–78 தாது வருஷப் பஞ்சம். செத்தவர்கள் போக, ஊரை விட்டுப் போனவர்களும் அந்தக் குறைவில் அடக்கம். அதற்கு முன்பிருந்தே இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு ஆள் போய்க்கொண்டிருந்தது. காப்பி அழிந்த பிறகு தேயிலைக்குப் போனது. திருச்சி, மதுரை, புதுக்கோட்டையோடு சேலமும் கங்காணிகள் ஆள் சேர்த்த சீமை. கங்காணி பெரும்பாலும் அசலூரான் இல்லை. அதே ஊர்க்காரன், சில சமயம் உறவுக்காரன். வழிச்செலவு, சோறு, கம்பளி, ஊரில் தீர்க்க வேண்டிய பழைய கடன் என்று அவன் கொடுத்த முன்பணம், தோட்டத்தில் கால் வைக்கும் முன்பே கூலியாளின் பேரில் பற்றெழுதப்பட்டுவிடும். வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்கு நாளுக்கு இவ்வளவு காசு என்று உண்டு. ஆகவே ஆள் நகராமல் இருந்தால்தான் அவனுக்கு வரும்படி. தோட்டம் மாறுவதற்குத் ‘துண்டு’ வேண்டும். இத்தனை ரூபாய் பாக்கியைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறேன் என்று பழைய துரை எழுதித் தரும் சீட்டு அது. புதிய துரை பணத்தைக் கட்டினாலும் கடன் தீராது, வேறு பேரேட்டுக்கு மாறும், அவ்வளவுதான். 1921-இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. இப்படிக் கட்டுப்பட்டுக் கிடந்தவன் கூலி உயர்வு கேட்டு எப்படி நிமிர்ந்திருப்பான்?

கேட்க முடியாதவனைப் பார்த்து, ‘இவன் மலிவாக வேலை செய்கிறான்’ என்று கோபப்படுவது சுலபம். 1920களில் கொழும்பில் பெரிய வேலைநிறுத்தங்களை நடத்திய தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க, 1930களின் பொருளாதார மந்தத்தில் அங்கே வேலை செய்த மலையாளிகளுக்கு எதிராகத் திரும்பினார். அவருடைய ஆட்களுக்கு வேலை போனது உண்மை. அவர் கண்ணில் பட்ட எதிரி பக்கத்தில் நின்ற தொழிலாளி. 1939-இல் இலங்கை அரசு தன் துறைகளிலிருந்து இந்தியத் தினக்கூலிகளை நீக்கத் தொடங்க, இந்திய அரசு ஆகஸ்ட் 1 முதல் கூலியாட்கள் இலங்கைக்குப் போவதையே தடுத்தது. பிறகு 1948-இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவின் பங்காயினர். அமெரிக்காவிலும் இதே தடம்தான். ரயில் பாதை போட வந்த சீனர்களுக்கு 1882-இல் கதவு சாத்தப்பட்டது. அந்தத் தடைக்குத் துணை நின்ற தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் கோம்பர்ஸ், லண்டனில் பிறந்து குடியேறியவர். (வந்தவர்களில் முந்தியவருக்குத்தான் பிந்தியவர் மேல் கோபம் அதிகம் போலிருக்கிறது.) 1924-இல் தெற்கு, கிழக்கு ஐரோப்பியரின் வரவும் சுருக்கப்பட்டது. முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. தென் மாநிலக் கறுப்பின மக்களையும் மெக்சிகோகாரர்களையும் வேலைக்கு எடுத்தார்கள்.

இலங்கை, அமெரிக்கா இரண்டும் வேறு கதை, இங்கே நம் பிள்ளைகளே வேலையில்லாமல் இருக்கிறார்களே என்று கேட்கலாம். கேள்வி சரி. ஆனால் பள்ளிபாளையத்து விசைத்தறிகளைப் பாருங்கள். வடக்கத்தி ஆட்கள் திரளாக வரும் முன்பே அங்கே உள்ளூர்த் தறிக்காரர்கள் முன்பணத்தால் கட்டுண்டுதான் இருந்தார்கள். கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் வாங்கிய அட்வான்ஸ் வாரக்கூலியில் பிடிக்கப்படும். மொத்தமும் அடையும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. அங்கே கூலியை அமுக்கியவர் எந்த வடக்கத்தியான்? ‘பழைய காலத்தில் வந்தவர்கள் நம்மோடு கலந்துவிட்டார்கள், இவர்கள் கலக்க மாட்டார்கள்’ என்றும் ஒரு வாதம் உண்டு. சேலத்து நெசவை வளர்த்ததில், அப்படி வந்த தேவாங்கருக்கும் சௌராஷ்டிரருக்கும் உள்ள பங்கு பெரியது. அவர்களில் பல வீடுகளில் இன்றும் பேச்சு கன்னடமோ தெலுங்கோ சௌராஷ்டிரமோதான். அவர்கள் சேலத்துக்காரர்கள் ஆவதற்கு வீட்டு மொழியை விட வேண்டியிருக்கவில்லை. தறியும் கடையும் தங்கள் கையில் இருந்ததே போதுமானதாக இருந்தது.

2023 மார்ச்சில் பிகார்த் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி, பிகார் அரசு குழு அனுப்பும் அளவுக்குப் போனது. வதந்தி பொய்தான். ஆனால் அதே மாதம் நாமக்கல் மாவட்டம் ஜேடர்பாளையம் பக்கம் நடந்த ஒரு கொலையைத் தொடர்ந்து சந்தேகம் வடமாநிலத்தார் மேல் விழுந்தது. வெல்ல ஆலைக் கொட்டகைகள் எரிந்தன. மே மாதம் கொட்டகைக்குள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் தீ வீசப்பட்டு, ஒரு தொழிலாளி இறந்தார். கொப்பரைச் சூட்டில் பாகு கிண்டி, பிலிக்கல்பாளையம் ஏலத்துக்குப் போகும் முப்பது கிலோ சிப்பங்களைக் கட்டும் வேலை அது. ஆட்களுக்குக் குடியிருப்பும் பெரும்பாலும் அந்த ஆலையடியிலேயேதான். ஆளைக் கொண்டுவந்த ஏஜென்ட்டின் பேர் அந்தக் கோபத்தில் எங்கும் அடிபடவில்லை. ஒடிசாவின் ‘தாதன்’ (முன்பணம் வாங்கிப் போகும்) தொழிலாளர்கள் இப்படி ஏஜென்ட் கையில் பட்ட பாட்டால்தான் 1979-இல் மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம் வந்தது. ஒப்பந்தக்காரர் உரிமம் வாங்க வேண்டும், உள்ளூராருக்குச் சமமான கூலி தர வேண்டும், ஒவ்வொரு ஆளுக்கும் படம் ஒட்டிய பாஸ்புக் கொடுத்து, கூலியையும் பிடித்தத்தையும் ஊர் திரும்பும் செலவையும் அதில் எழுத வேண்டும் என்றது அந்தச் சட்டம். துண்டில் துரை எழுதியது தொழிலாளி பட்ட கடனை. பாஸ்புக்கில் எழுதச் சொன்னது அவருக்குச் சேர வேண்டியதை. உள்ளூர்க் கூலி காப்பாற்றப்பட வேண்டும் என்பவர்கள் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது, ஆலைக் கொட்டகைகளில் எத்தனை பேரிடம் அந்தப் பாஸ்புக் இருந்தது என்பதை.