தோற்கும் உரிமை யாருக்கு?

'முதல்' என்றால் தமிழில் தொடக்கம். தொழிலில் போட்ட பணமும் முதல்தான். ஸ்டார்ட்அப், ஆக்ஸிலரேட்டர் என்று இன்று புழங்கும் சொற்களை நான் இந்த இரட்டைப் பொருளிலிருந்தே வாசிக்கிறேன். தொடங்குகிறவர் ஒருவர், பணம் போடுகிறவர் வேறொருவர் என்றால் நஷ்டம் யாருடையது?

2005இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒய் காம்பினேட்டர் ஆக்ஸிலரேட்டர்களுக்கு முன்மாதிரி. இளம் நிறுவனங்களைச் சில மாதம் பழக்கி, முதலீட்டாளர்கள் முன் நிறுத்துகிறது. 7 விழுக்காடு பங்குக்கு 1,25,000 டாலர் தருகிறது. கம்பெனி மூழ்கினால் பணம் போனது போனதுதான். தொடங்கியவர் வீட்டை யாரும் ஜப்தி செய்வதில்லை. இதில் தர்மம் ஏதுமில்லை. பல தோற்றாலும் சில பெரிதாக எழும் என்ற கணக்குதான்.

தாராசுரத்துக்கு வருவோம். ஐராவதேசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள ஊரில் சௌராஷ்டிரர்களின் பட்டுத்தறிகள் உண்டு. கூலி நெசவில் பட்டும் ஜரிகையும் முதலாளி தருவார், அட்வான்ஸும் தருவார். அது தீராதவரை அடுத்த முதலாளியிடம் போவது லேசல்ல. சேலை தேங்கினால் வேலை குறையும், கடன் குறையாது. லாபத்தில் பங்கில்லாதவருக்கு நஷ்டத்தில் பங்குண்டு.

இந்த நிலத்தில் கடனுக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஊர்ச்சபைகளுக்குக் கொடுத்த பணத்துக்கு வட்டி, ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால், அதாவது 12.5 விழுக்காடு. விளைச்சல் எப்படியானாலும் வட்டி மாறாது. 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் கும்பகோணம் வங்கியும் (இன்றைய சிட்டி யூனியன் வங்கி) தோன்றியது. 1935இல் கோ-ஆப்டெக்ஸ். கூட்டுறவு நெசவாளியை உறுப்பினராக்கியது. அது பெரிய காரியம். ஆனால் அங்கும் அவர் கைக்கு வந்த பணம் கடனாகவே வந்தது.

புது டிசைன் போட ஜக்கார்டு அட்டை கட்டணும். அதுவரை தறி நிற்கும். அந்த நாட்களின் கூலி யார் தருவது? 'அதெல்லாம் நம்ம தலையில சார்' என்பதுதான் தறிமேட்டின் பதில். பிறகு, நெசவாளிக்குப் புதுமை தெரியாது என்று நாமே எழுதுகிறோம்.

டான்சீட் திட்டத்தின் வழியாகத் தொடக்க நிறுவனங்களுக்கு விதைநிதி தருகிறது தமிழ்நாடு அரசு. தோல்வியும் தொழிலின் செலவு என்பதை இதன் மூலம் அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. நெசவாளர் சங்கங்கள் இந்த வாதத்தைக் கையில் எடுக்க வேண்டும்: கூலி உயர்வோடு, புது டிசைனுக்காகத் தறி நிற்கும் நாட்களுக்குத் திருப்பிக் கேட்காத பணமும் கேட்க வேண்டும்.