புளிப்பும் நாரும்

பிரான்சின் சோலோன் வட்டாரத்தில் பண்ணை நடத்திய ஒகுஸ்த் கோஃபார், பச்சை மக்காச்சோளத் தட்டையைப் பொடியாக நறுக்கிக் குழியில் கொட்டினார். நன்றாக மிதித்து, மேலே பாரம் ஏற்றி மூடினார். பல ஆண்டுகள் செய்து பார்த்த பிறகு 1877-இல் அந்த முறையைப் புத்தகமாக எழுதினார். ஜெர்மனியில் அடால்ஃப் ரைலன் 1860-களிலேயே இதைச் செய்திருந்தார். ஆனாலும் அட்லாண்டிக் கடந்து அமெரிக்கப் பண்ணைகளுக்கு இந்தக் கலையைக் கொண்டு சேர்த்தது கோஃபாரின் நூல்தான். தமிழ்நாட்டுக் கால்நடைத் துறையினர் ஊறுகாய்ப் புல் என்று சொல்லித்தருவதும் இதைத்தான்.

காற்றுப் புகாத குழியில் லாக்டிக் அமில பாக்டீரியா தட்டையின் சர்க்கரையை அமிலமாக்குகிறது. புளிப்பு சீக்கிரம் ஏறினால் தீவனம் பிழைக்கும். தாமதமானால் கிளாஸ்ட்ரிடியம் என்ற கெடுக்கும் பாக்டீரியா பெருகி, புரதம் அழுகி, நாற்றம் வயிற்றைக் குமட்டும்.

பின்லாந்தில் குளிர்காலம் நீண்டது. மாடுகள் மாதக்கணக்கில் தொழுவத்திலேயே அடைந்து கிடக்கும். அங்கே வேதியியலாளர் அர்த்தூரி விர்த்தானென், புளிப்பு தானாக ஏறும்வரை காத்திருக்காமல், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் கந்தக அமிலத்தையும் புல்லில் தெளித்து, பிஎச் அளவை (புளிப்பு ஏற ஏற இது குறையும்) 4-க்குக் கீழே இறக்கினார். புரதச் சிதைவு நின்றது. குளிர்காலப் பாலும் வெண்ணெயும் தரம் உயர்ந்தன. 1945-இல் வேதியியல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. மாட்டுத் தீவனத்துக்காக ஒருவர் அந்த மேடை ஏறியது பெருமைக்குரியது.

இத்தனைக்கும் பிறகு தட்டையின் நார் நாராகவே இருந்தது. அதைக் கரைப்பவை மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள். கரையான் குடலை ஆராய்ந்துவந்த அமெரிக்கர் ராபர்ட் ஹங்கேட், 1940-களில் மாட்டின் பக்கம் திரும்பினார். இந்த உயிர்களுக்கு ஆக்சிஜன் நஞ்சு. எனவே ஆக்சிஜன் நீக்கிய வாயுவைச் செலுத்தி, சோதனைக் குழாயின் உட்சுவரில் அகார் படலம் படியவைத்து, அதில் அவற்றை வளர்த்தார். இன்று ஃபைப்ரோபாக்டர் எனப்படும் நார்தின்னியை அவர் தனியே பிரித்தது இப்படித்தான்.

அந்த நார்தின்னியைக் குழியிலேயே விட்டு நாரைக் கரைத்தால் என்ன? இங்கேதான் சிக்கல். பிஎச் 6-க்குக் கீழே போனால் முதல் இரைப்பையின் நார்தின்னிகள் முடங்கிவிடும். 1996-இல் ஜேம்ஸ் ரசலும் டேவிட் வில்சனும் அதன் காரணத்தை அலசி ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு நாளில் 100 லிட்டருக்கு மேல் சுரக்கும் எச்சில்தான் பசுவின் இரைப்பையில் அமிலத்தைத் தணிக்கிறது. குழியில் எச்சில் ஏது? தீவனத்தைக் காக்கும் புளிப்பே நார்தின்னிகளை விரட்டுகிறது.

இருந்தும் சீன ஆய்வாளர்கள் திபெத்திய யாக் மாடுகளின் இரைப்பையிலிருந்து நார் சிதைக்கும் பாக்டீரியாக்களைப் பிரித்து, குழித்தீவனத்தில் சேர்த்துச் சோதித்திருக்கிறார்கள். இன்னொரு வழி, இரைப்பை நுண்ணுயிர்களிடம் உள்ள ஒரு நொதியைப் புளிப்பு தாங்கும் பாக்டீரியாவிடம் தேடுவது. புல்லில் நாரின் பகுதிகளான லிக்னினையும் ஹெமிசெல்லுலோஸையும் ஃபெருலிக் அமிலம் பிணைத்து வைத்திருக்கிறது. அந்தப் பிணைப்பை வெட்டும் ஃபெருலேட் எஸ்டரேஸ் நொதியைச் சுரக்கும் லாக்டிக் பாக்டீரியா வகைகளைக் குழியில் சேர்த்தால், இரைப்பையில் நார் கூடுதலாகச் சிதைகிறது என்று 2008-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. குழியில் பிணைப்பைத் தளர்த்தி, மிச்சத்தை இரைப்பைக்கு விடும் இந்த வழிதான் இருவகை உயிர்களின் இயல்புக்கும் ஒத்துப்போகிறது. குழித்தீவனத்தில் சேர்ப்பதற்கான இவ்வகை பாக்டீரியாக் கலவைகள் சந்தைக்கும் வந்துவிட்டன.