பதிவெண் தகடும் கறுப்பு மூடியும்

மோட்டார் வண்டியின் பதிவெண் தகட்டின் மேல் கறுப்பு அல்லது புகை நிற அக்ரிலிக் மூடி பொருத்துவதற்கு இந்தியச் சட்டத்தில் இடமில்லை. மூடியைப் பெயர் சொல்லித் தடுக்கும் தனி விதியால் வந்த தடை அல்ல இது. வண்டிக்கு எண் என்று ஒன்று வந்த நாளிலிருந்தே, அந்த எண் பிறர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது உரிமையாளரின் கடமையாக இருந்து வருகிறது. அதை மறைக்கும் எதுவும், மூடியானாலும் துணியானாலும் கரிசல் சேறானாலும், அந்தக் கடமையை மீறுவதே.

எண் தகட்டின் தொடக்கம் பாரிஸ் நகரம். 1893இல் அந்நகரக் காவல்துறை, மோட்டார் வண்டிகள் உரிமையாளரின் பெயரும் முகவரியும் அனுமதி எண்ணும் பொறித்த தகட்டைத் தாங்க வேண்டும் என்று உத்தரவிட்டது. பிரிட்டன் 1903இல் இயற்றிய மோட்டார் கார் சட்டம், 1904 ஜனவரி முதல் எல்லாக் கார்களுக்கும் பதிவெண்ணைக் கட்டாயமாக்கியது. குதிரை வண்டியை விட வேகமாக ஓடும் ஒன்று சாலையில் யாரையாவது இடித்துவிட்டுப் போனால், அது யாருடையது என்று கண்டுபிடிக்க வழி வேண்டும். அவ்வளவுதான் காரணம், இன்றைக்கும் அதுதான் காரணம்.

சென்னை மாகாணம் பிரிட்டனை அதிக நாள் கழித்துப் பின்தொடரவில்லை. 1907ஆம் ஆண்டின் முதல் சட்டமாக மெட்ராஸ் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. சென்னைத் துறைமுகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் கார்தான் எம்.சி. 1 என்ற எண்ணைப் பெற்றது. 1914இல் நாடு முழுமைக்கும் ஒரே இந்திய மோட்டார் வாகனச் சட்டமும், 1939இல் அதைவிட விரிவான சட்டமும் வந்தன. எம்.டி., எம்.எஸ்., டி.எம்., டி.என். என்று தொடங்கும் மூன்றெழுத்துக் குறிகளும் அவற்றையடுத்த எண்களும் நம் சாலைகளில் ஓடியது இந்த இரண்டாவது சட்டத்தின் காலத்தில்தான்.

இன்றைய எண் முறை வந்த கதையை ஒரு வட்டாரத்தை வைத்துப் பார்க்கலாம். விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகும் சாலையில் உள்ள மல்லாங்கிணறு, 1910இல் உருவான இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. 1985 மார்ச்சில் அந்த மாவட்டம் பிரிக்கப்பட்டபோது காமராசர் மாவட்டத்துக்குள் வந்தது. 1997இல் தலைவர்களின் பெயர்கள் மாவட்டங்களிலிருந்து நீக்கப்பட்டபோது விருதுநகர் மாவட்டம் ஆனது. புதிய மாவட்டம் பிறந்த நான்கே ஆண்டில், 1989 ஜூலை 1 முதல், 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு இரண்டு எண் என்ற இன்றைய முறை அதோடு வந்தது. விருதுநகருக்கு டி.என். 67 கிடைத்தது. ஶ்ரீவில்லிபுத்தூரின் 84, சிவகாசியின் 95 ஆகியவை பின்னால் வந்தவை.

எண்ணின் வடிவத்தை மில்லிமீட்டர் கணக்கில் வரையறுத்தவை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள். 50ஆவது விதி தகடு எங்கே, எந்த நிறத்தில், எந்த எழுத்தில் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. எழுத்து ஆங்கிலத்திலும் எண் அராபிய இலக்கத்திலும் இருக்க வேண்டும். 51ஆவது விதி அளவைச் சொல்கிறது. பைக்கின் பின்பக்க எழுத்து 35 மில்லிமீட்டர், எண் 40 மில்லிமீட்டர் உயரம்; கார், லாரி முதலியவற்றில் இரண்டுமே 65 மில்லிமீட்டர். இரவில் பின் தகட்டின் மேல் விளக்கு எரிய வேண்டும், 15 மீட்டர் தொலைவிலிருந்து எண்ணைப் படிக்க முடிய வேண்டும் என்றும் விதிகள் கேட்கின்றன. நிற மூடி தோற்றுப்போகும் இடம் இதுதான். பகலிலேயே கண்ணைச் சுருக்கிப் பார்க்க வைக்கும் மூடி, இரவில் 15 மீட்டரில் எதையும் காட்டாது.

அந்தக் காலத்தில் தகடு என்பது தகரத்தில் பெயிண்டர் தூரிகையால் எழுதிக் கொடுத்தது. சொந்த வண்டிக்குக் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து. வாடகை வண்டிக்கு அதற்கு நேர்மாறு. பின்னர் சொந்த வண்டிக்கு வெள்ளையில் கறுப்பும், வாடகை வண்டிக்கு மஞ்சளில் கறுப்பும் விதியாயின. பெயிண்டரின் தூரிகைக்குப் பதில் ஸ்டிக்கர் வெட்டும் இயந்திரம் வந்தது. ஊருக்கு ஊர் முளைத்த ஸ்டிக்கர் கடைகளில், வழக்கில் ‘ரேடியம்’ என்று சொல்லப்படும் ஒளிரும் ஸ்டிக்கரில் எண்ணை வெட்டி அக்ரிலிக் பலகையில் ஒட்டிக் கொடுத்தார்கள். சாய்வெழுத்து, ஒன்று பெரிது மற்றது சிறிது, எண்களைச் சேர்த்துப் பெயர்போலத் தெரியும்படி எழுதுவது, பக்கத்தில் சாமி படம், நடிகர் படம், கட்சிக் கொடி, சாதிப் பெயர் எல்லாம் அந்தக் கடைகளின் வழியாகவே பரவின. தகட்டின் மேல் திருகாணியில் முடுக்கும் மூடியும் அதே கடைகளில்தான் விற்கப்பட்டது. மழையில் எழுத்து உரியாது, தூசி படியாது என்பது வாங்குகிறவரின் நியாயம். கறுப்பு மூடிக்கு அந்த நியாயமும் இல்லை. வண்டியின் நிறத்துக்கு எடுப்பாக இருக்கும் என்பதும், சிலருக்கு எண் பிடிபடாமல் இருப்பதும்தான் அதன் பயன். தெளிந்த மூடியும் குற்றமற்றது என்று சொல்ல முடியாது. விருதுநகர் வட்டாரத்து வெயிலில் சில கோடைகள் நின்ற அக்ரிலிக் மஞ்சளாகி, கீறல் விழுந்து, தானே நிற மூடியாகிவிடும்.

போலித் தகடுகளைத் தடுக்க 2001 மார்ச்சில் உயர் பாதுகாப்புப் பதிவெண் தகடு விதிகளில் சேர்க்கப்பட்டது. ஒரு மில்லிமீட்டர் அலுமினியத் தகடு, அசோகச் சக்கரம் பொறித்த குரோமிய ஹாலோகிராம், நீல நிறத்தில் ‘IND’ என்ற குறி, லேசரில் பொறித்த அடையாள எண், ஒருமுறை கழற்றினால் மறுபடி பயன்படாத பூட்டு ஆகியவை அதன் கூறுகள். தகடு செய்யும் ஒப்பந்தங்களை எதிர்த்த வழக்கில் 2004 நவம்பரில் உச்ச நீதிமன்றம் திட்டத்தை உறுதி செய்தது. ஆனாலும் மாநிலங்கள் ஆண்டுக்கணக்கில் தாமதித்தன. 2018 டிசம்பர் அறிவிக்கையால், 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு உற்பத்தியாளரே இந்தத் தகட்டைத் தர வேண்டியதாயிற்று.

இந்தத் தகட்டின் மேற்பரப்பு, தன் மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் தன்மை உடையது. பின்னால் வரும் வண்டியின் விளக்கொளியில் எண் பளிச்சென்று தெரிவது அதனால்தான். இதன் மேல் பாதி ஒளியை மட்டும் விடும் மூடியை வைத்தால் ஒளி உள்ளே போகும்போது பாதி இழக்கும், திரும்பி வரும்போது மீதியில் பாதி இழக்கும். கால் பங்கே மிஞ்சும். அரசு காசு செலவழிக்க வைத்துப் பொருத்திய தகட்டைச் சில நூறு ரூபாய் மூடி பயனற்றதாக்கிவிடுகிறது.

காரின் கறுப்பு ஸ்டிக்கர் பற்றிய தீர்ப்பையும் இந்த மூடியையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2012 ஏப்ரல் 27இல் அவிஷேக் கோயங்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுத்தது கண்ணாடியில் ஒட்டும் பிலிமை. அது 100ஆவது விதியைச் சேர்ந்தது. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது அதன் அளவு. கண்ணாடிக்கு இப்படி ஒரு சதவீதம் உண்டு. பதிவெண்ணுக்கு அப்படி எந்தச் சலுகை அளவும் கிடையாது.

பதிவெண்ணை விதிப்படி காட்டாத வண்டிக்குச் சட்டத்தின் 177ஆவது பிரிவில் பொது அபராதம் உண்டு. முன்பு முதல் முறை 100 ரூபாயாக இருந்தது 2019 திருத்தத்தால் 500 ஆனது. மறுபடி சிக்கினால் 1,500. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் உயர்த்தப்பட்ட அபராதங்கள் வசூலிக்கப்படுகின்றன. 2021 ஆகஸ்டில் வந்த 167ஏ விதி, கேமரா வழி அபராதத்துக்கு வண்டியின் எண் தெரியும் படத்தைச் சான்றாகக் கேட்கிறது. 2024 மே மாதம் சென்னைக் காவல்துறை வண்டிகளில் ‘பிரஸ்’, ‘போலீஸ்’, ‘அட்வகேட்’ போன்ற ஸ்டிக்கர்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தபோது, தகட்டின் மேல் ஒட்டியவற்றுக்கு 50ஆவது விதியைத்தான் காட்டியது.

அபராதத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பேச்சில் அது அநேகமாக விடுபட்டுப்போகிறது. சாலையில் ஒருவரை இடித்துவிட்டு வண்டி நிற்காமல் போய்விட்டால், எண் தெரிந்திருந்தால் குடும்பம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் எல்லாம் கணக்கில் வந்து காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டும். எண் தெரியாவிட்டால் அரசின் நிலையான தொகை மட்டுமே. அந்தத் தொகைக்கான 1989 திட்டத்தில் அது இறப்புக்கு 8,500 ரூபாயாக இருந்தது. 1994இல் 25,000 ஆனது. 2022 ஏப்ரல் முதல் 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000. விடிவதற்கு முன் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ சைக்கிளிலும் நடந்தும் போகிறவர்கள் நிறைந்த மாவட்டத்தில், சாலையோரம் நின்றவர் அந்த நான்கு இலக்கங்களைப் படித்தாரா இல்லையா என்பது ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தைத் தீர்மானித்துவிடும்.

பட்டாசு ஏற்றும் வண்டிகளுக்கு இது இன்னும் பொருந்தும். ஆபத்தான சரக்கு என்று ஆரஞ்சு நிறச் சின்னமும் அவசரத் தகவல் பலகையும் அவை தாங்க வேண்டும் என்று விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. தீயணைப்புத் துறையும் காவல்துறையும் தொலைவிலிருந்தே வண்டியை அடையாளம் காண வேண்டும் என்பதற்காகத்தான் அவை. அதே வண்டியின் எண்ணை மறைத்து வைப்பதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

கறுப்பு மூடி, புகை நிற மூடி, வெயிலில் மஞ்சளான மூடி எதுவானாலும் அடுத்த முறை வண்டியைக் கழுவும்போது வாசகர்கள் அதைக் கழற்றிவிட வேண்டும். அதற்கு ஒரு திருப்புளி போதும்.