காதைப் பொத்திய பொடியன்

உளவாளிப் படங்கள்ல ஓட்டை தேடுறது என்னோட நெடுநாள் பொழுதுபோக்கு. டம்ளர்ல தண்ணி ஏறி இறங்குறது, சிகரெட் அடுத்த ஷாட்ல மறுபடி வளர்றது... இதெல்லாம் எந்தப் படத்துலயும் கிடைக்கும், விடுங்க. ஹிட்ச்காக்கின் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ (1959) படத்துல வர்ற ஒரு பொடியன் மட்டும் தனி ரகம்.

ரஷ்மோர் மலை அடிவாரத்துல ஒரு உணவகம். வில்லன் ஜேம்ஸ் மேசன் கண்ணெதிரே, ஈவா மேரி செயின்ட் கைப்பையிலிருந்து துப்பாக்கியை எடுத்து கேரி கிராண்டைச் சுடுகிறார். கூட்டம் அலறுது. ஆனா சுடுறதுக்குச் சில நொடி முன்னாடியே, பின்னாடி உட்கார்ந்திருக்கிற நீலச் சட்டைப் பையன் ரெண்டு காதையும் விரலால அடைச்சுக்கிறான்!

காரணம் ஊகிக்கக் கஷ்டமில்லை. ஒத்திகையிலோ முந்தைய டேக்கிலோ வெடிச்சத்தத்தைக் கேட்டிருப்பான். எப்போ வெடிக்கும்னு அவனுக்கு மனப்பாடம்.

இத்தனைக்கும் ஹிட்ச்காக் சாதாரண ஆள் இல்லை. ஒவ்வொரு காட்சியையும் முன்கூட்டியே திட்டமிடுறவர். ஐ.நா. கட்டிடத்துல படமெடுக்க அனுமதி தரலைன்னதும், வண்டிக்குள்ள கேமராவை ஒளிச்சு வச்சு, கேரி கிராண்ட் உள்ளே நடந்து போறதை எடுத்தவர். ரஷ்மோர் சிலைகள் மேல சண்டை எடுக்கக்கூடாதுன்னு தடை வந்தப்போ, ஸ்டூடியோவுல மலையையே செட் போட்டவர். மலையைச் சமாளிச்ச மனுஷனால ஒரு பொடியன் விரலைச் சமாளிக்க முடியலை :-)

எனக்குப் பிடிச்ச விஷயமே இனிமேதான். (படம் பார்க்காதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க.) கதைப்படி அந்தத் துப்பாக்கிச்சூடே பொய். உள்ளே வெற்றுத் தோட்டா. நாயகி அரசாங்க உளவாளிங்கிற சந்தேகம் வில்லனுக்கு வரக்கூடாதுன்னு போட்ட நாடகம். உணவகமே ஏமாறும்போது, இது ஏற்கனவே ஒத்திகை பார்த்த நாடகம்னு காட்டிக்கொடுக்கிறது அந்தப் பையன் ஒருத்தன்தான். மேசன் மட்டும் கொஞ்சம் திரும்பிப் பார்த்திருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும்! அதனாலேயே இதைத் தவறுன்னு சொல்ல எனக்கு மனசு வரலை. படப்பிடிப்பு நடந்த அந்த நாளோட சாட்சி அது. நடிகர்கள் நடிக்கிறாங்க, அவன் நடிக்கலை. காது வலிக்கும்னு நிஜமாவே பயப்படுறான்.

மறைக்கப் பார்த்தா என்ன ஆகும்ங்கிறதுக்கும் உதாரணம் இருக்கு. ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ (1971). ஷான் கானரி ஓட்டுற சிவப்பு மஸ்டாங் காரு, வலது பக்கச் சக்கரங்கள்ல சாய்ஞ்சபடி சந்துக்குள்ள நுழையுது. வெளியே வரும்போது இடது பக்கச் சக்கரங்கள்ல வருது! நுழைஞ்சதை ஒரு இடத்துலயும் வெளியேறுனதை வேற இடத்துலயும் எடுத்ததால வந்த வினை. அதைச் சரிக்கட்ட, காருக்குள்ளேயே ரெண்டு பேரும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாயுற மாதிரி ஒரு ஒட்டு ஷாட்டை நடுவுல சொருகினாங்க. நிமிர்ந்து போகவே இடமில்லாத சந்துல கார் எப்படிய்யா புரண்டு படுக்கும்?

ஹிட்ச்காக் படத்துல அப்படி ஒட்டு எதுவும் இல்லை. பொடியன் இன்னிக்கும் டிவிடியில காதைப் பொத்திக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கான்.